பூசணிக் கறை

புருஷன் வேறொருத்தியைப் பார்க்கிறான் என்று வயிறெரிகிற பெண்களை எனக்குத் தெரியும். எங்கள் லாண்டரியிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். என் வயிறு எரிந்தது வேறு விஷயத்துக்கு. என் புருஷன் என் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். நன்றாகப் பார்த்துக்கொண்டார். அதுதான் பிரச்சினை.

அவர் டைல்ஸ் போடுகிறவர். வருஷக்கணக்காகத் தரையில் முட்டி போட்டு வேலை பார்த்ததில் வலது முழங்கால் தேய்ந்து, ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது. பாப்பா பிறந்து கொஞ்ச நாளில் நடந்தது அது. இன்னும் சில மாசத்துக்குத் தரையில் உட்காரக்கூடாது, ரொம்ப நேரம் நிற்கக்கூடாது, கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "குழந்தை கனத்துல சேர்த்தியா டாக்டர்?" என்று இவர் கேட்டாராம். அவர் சிரித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தூக்கலாம் என்றாராம். அப்படித்தான் நான் வேலைக்குத் திரும்பினேன், அவர் வீட்டில் உட்கார்ந்தார்.

பாப்பா முதல் தடவை சத்தம் போட்டுச் சிரித்தது அவரைப் பார்த்து. அந்த நேரத்தில் நான் ஒரு ஓட்டல் மேஜைவிரிப்பில் காபிக் கறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். முதல் தடவை குப்புற விழுந்தது அவர் முன்னால். கால் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டதும் அவர் முன்னால்தான். ஒவ்வொன்றையும் வீடியோ எடுத்து எனக்கு அனுப்புவார். பாப்பாவுக்கு அவர் வைத்திருந்த பெயர் முதலாளியம்மா. "முதலாளியம்மா இன்னிக்கு என்ன பண்ணாங்க பாரு!" என்று அவர் குரல் மட்டும் பின்னால் கேட்கும். நான் பார்த்துவிட்டு, சிவப்பு இதயம் ஒன்றை அனுப்பிவைப்பேன். அனுப்பிய கையோடு எதிரில் கிடக்கிற சட்டையைப் பிரஷால் தேய்ப்பேன் பாருங்கள், ஒரு தேய்ப்பு! ஒரு தடவை ஒரு நல்ல சட்டையின் காலர் நைந்துபோய் ஓனரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் வேலை கறை பார்ப்பது. துணிகள் மெஷினுக்குப் போகும் முன்பு என் மேஜைக்கு வரும். விளக்கை இழுத்துப் பிடித்து, இது டீயா, மையா, எண்ணெயா, ரத்தமா என்று பார்த்து, அதற்கேற்ற மருந்தைப் போட்டுத் தர வேண்டும். தப்பான மருந்தைப் போட்டால் கறை ஆயுசுக்கும் போகாது. நான் இதில் கெட்டிக்காரி. என்னை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதில்லை. ஓனரே, பாராட்டினால் காசு போய்விடும் என்று இருக்கிற மனிதர், அவரே சொல்லியிருக்கிறார்.

ஆக, சிரிப்பு போச்சு, குப்புற விழுந்தது போச்சு. எனக்கென்று மிச்சம் இருந்தது பால் மட்டும்தான். லாண்டரியில் திரைச்சீலைகளை மாட்டி வைக்கிற உள்ளறையில் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பம்ப் வைத்துப் பால் எடுப்பேன். பாட்டிலில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இவர் எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும் இதை அவரால் செய்ய முடியாது என்று நினைத்துக்கொள்வேன். அது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். மறுநாள் பாப்பா குடிக்கப்போகிற அத்தனையும் என்னிடமிருந்துதான் வர வேண்டும். நான் இல்லாத நேரத்திலும் அவள் என்னைத்தான் குடிக்கிறாள்.

இந்த ஏற்பாட்டில் மண்ணை அள்ளிப் போட்டவர் தடுப்பூசி போடுகிற நர்ஸம்மா.

பாப்பாவின் தொடையில் ஊசியைக் குத்திவிட்டு, அவள் அலறி முடிப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். "ஆறு மாசம் நெருங்குதில்ல? இனிமே கவனிச்சுட்டே இருங்க. கெட்டியான சாப்பாட்டுக்கு ரெடியாயிட்டாளான்னு அவளே காட்டுவா."

"எப்படிங்க காட்டுவா?" என்று கேட்டது அவர். நான் இல்லை. நான் பாப்பாவின் காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"தலை ஆடாம நிக்கணும். லேசா பிடிச்சா உக்காரணும். நீங்க சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக் கையை நீட்டணும், வாயைத் திறக்கணும். அப்புறம் முக்கியமா நாக்கு. இப்ப வாயில எதை வெச்சாலும் நாக்கால வெளிய தள்ளிடுவா. அது பிடிக்காம இல்ல, அந்த வயசுல அப்படித்தான். அது நின்னு உள்ள வாங்கிக்க ஆரம்பிச்சாத்தான் விழுங்க முடியும். அவசரப்பட்டு முன்னாடியே ஊட்டாதீங்க. அதுக்காக ரொம்பவும் தள்ளிப் போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க."

"ஊட்ட ஆரம்பிச்சா பாலை நிறுத்தணுமா?" என்று நான் கேட்டேன்.

"யார் சொன்னா? பால்தான் மெயின். இது சும்மா கூட."

கூட என்று அவருக்கு வாய்க்குச் சுலபமாக வந்துவிட்டது. கூட வருகிறவர்கள் நாளாவட்டத்தில் முன்னால் போய்விடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? ஸ்பூனால் ஊட்டுவதற்கு யாராக இருந்தாலும் போதும். கையும் ஸ்பூனும் இருந்தால் ஆயிற்று. அப்புறம் நான் எதற்கு?

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் இவர் பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். தலை, உட்காருதல், கை, வாய், நாக்கு. வீட்டு வாசலில் நான் நின்றேன். "ஒண்ணு சொல்லிடறேங்க. நாம ரெண்டு பேரும் சரின்னு சொன்னாத்தான் ஆரம்பிக்கணும். அதுக்கு முன்னாடி யாரும் ஒரு சொட்டு கூட வைக்கக்கூடாது."

"சரிம்மா," என்றார். "முதல் வாய் நீயே ஊட்டு. நான் கேக்கவே மாட்டேன்."

அவ்வளவு லேசாகச் சொன்னதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் நான் வந்தபோது பாப்பாவை மடியில் சாய்த்து உட்கார வைத்திருந்தார். அவள் தலைக்கு மேல் ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். டைல் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற, நடுவில் குமிழ் ஓடுகிற அதே கட்டை.

"என்னங்க பண்றீங்க?"

"குமிழ் பாரு, குமிழ் பாரு! நடுவுல நிக்குது. தலை ஆடவே இல்ல."

"அது தலையா, தரையா?"

"எதுவா இருந்தா என்ன, மட்டம் மட்டம்தானே."

பாப்பா கையைத் தூக்கி ரசமட்டத்தைப் பிடித்து வாய்க்கு இழுத்தாள். அவர் முகம் பெருமையில் விரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். "நாக்கு?" என்றேன்.

கொதிநீரில் போட்டு எடுத்த காலி ஸ்பூனை ஆறவைத்து அவள் உதட்டில் வைத்தார். பாப்பாவின் நாக்கு சட்டென்று வெளியே வந்து ஸ்பூனைத் தள்ளியது. அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அப்படி ஒரு குஷி. என் தங்கமே, தள்ளு, இன்னும் நல்லாத் தள்ளு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வெளியே உச்சுக்கொட்டினேன். "பாவம், இன்னும் ஆகல. பொறுத்துப் பார்க்கலாம்."

நாட்கள் ஓடின. பாப்பா ஆறாம் மாசத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு அறிகுறியாகக் கொண்டுவந்து நீட்டுவார். நான் வக்கீல் மாதிரி ஒவ்வொன்றையும் தள்ளுபடி செய்வேன்.

"தட்டையே உத்துப் பாக்கறா."

"ஃபேனையும்தான் உத்துப் பாக்கறா. அதுக்காக ஃபேனை ஊட்டுவீங்களா?"

"கையை நீட்டறாம்மா."

"என் கம்மலுக்கும் நீட்டறா."

"நான் வாயைத் திறந்தா அவளும் திறக்கறா."

"கொட்டாவியா இருக்கும்."

நாக்குச் சோதனை மட்டும் என் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்பூனை வைத்தபோது நாக்கு வெளியே வரவில்லை. உதட்டால் ஸ்பூனைக் கவ்விக்கொண்டாள். அவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். நான் ஸ்பூனைக் கழுவி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து "பார்த்தியா?" என்று கேட்டார். "பார்த்தேன். அப்படியேதான் இருக்கு," என்றேன்.

அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தல் இல்லை. ஸ்பூன் வந்தால் பகல் முழுக்க ஊட்டப்போவது யார்? அவர்தானே? நான் முதல் வாய் ஊட்டிவிட்டு லாண்டரிக்குப் போய்விடுவேன். அடுத்த வாயிலிருந்து அத்தனையும் அவருக்கு. பாப்பாவுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். நான் சாயங்காலம் வந்து வீடியோ பார்க்க வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கறை கண்ணில் பட்டது.

காலையில் கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். பாப்பாவின் வெள்ளைச் சட்டை. கழுத்துப் பட்டியில், தையலை ஒட்டி, மங்கலாக ஒரு மஞ்சள். வேறு யாராவது பார்த்திருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது. நான் ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். பால் கறை காய்ந்தால் இப்படி இருக்காது. மருந்துச் சொட்டு விழுந்தால் ஓரம் இப்படிக் கட்டாது. யாரோ சோப்பைப் போட்டுக் கசக்கியிருக்கிறார்கள். கசக்கியதில் நிறம் போகாமல் இன்னும் பரவியிருக்கிறது.

அந்த யாரோ யார் என்று யோசிக்க எங்கள் வீட்டில் நிறைய ஆள் இல்லை.

சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். என் மேஜையில் விளக்கை இழுத்து வைத்து, கறையின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அசையவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பஞ்சால் ஒற்றினேன். பஞ்சில் மஞ்சள் ஏறி வந்தது. மஞ்சள் பூசணி. கேரட்டாக இருந்தால் இன்னும் கொஞ்சம் சிவப்பு அடிக்கும்.

பக்கத்தில் இஸ்திரி போடுகிற அக்கா எட்டிப் பார்த்தாள். புருஷன் மேல் சந்தேகம் உள்ள இரண்டு பேரில் அவள் ஒருத்தி. "என்ன முகம் இப்படி இருக்கு? லிப்ஸ்டிக்கா?"

"பூசணிக்கா அக்கா."

"பூசணிக்காயா? அதுக்கா அழற?"

நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், ஓனர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. "என் வீட்ல நடக்கறதுக்கு நான் சட்டையை மோந்து பாக்கறேன். உன் வீட்ல பூசணிக்காய் ஊட்டினதுக்கு நீ துப்பறியற. குடுத்து வெச்சவடி நீ!"

அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. முதல் வாய் போய்விட்டது. நான் இங்கே யாருடைய சட்டையிலோ மைக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு நேரத்தில் போய்விட்டது. பாப்பா முகத்தை எப்படிச் சுளித்தாள், எப்படி விழுங்கினாள், எதுவும் எனக்குத் தெரியாது. அதற்கு வீடியோகூட வரவில்லை. மற்றதையெல்லாம் காட்டியவர் இதை மட்டும் மறைத்திருக்கிறார் என்றால், மறைக்கிற அளவுக்கு அது அவருக்கு இனித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சாயங்காலம் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். "பாப்பாவுக்கு ஏதாவது ஊட்டினீங்களா?"

அவர் பார்வை ஒரு நொடி சுவருக்குப் போய் வந்தது. "நான் ஊட்டலை," என்றார்.

"சத்தியமா?"

"நான் ஊட்டலைம்மா. ஏன் கேக்கற?"

"சும்மாத்தான்."

சட்டையை வெளியே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார், நானும் ஒருவேளை நம்பியிருப்பேன். எனக்குச் சமாதானம் வேண்டாம். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அன்றைக்குப் பாப்பா என் மேல் தாவி வந்து பால் குடித்தபோது அவள் வாயருகே குனிந்து மோந்து பார்த்தேன். அக்கா புருஷன் சட்டையை மோப்பது நினைவுக்கு வந்து நிமிர்ந்துகொண்டேன்.

அடுத்த வாரமே வாய்ப்பு தானாக வந்தது. லாண்டரியில் பாய்லர் கெட்டுப்போய், நீராவி இல்லாமல் எல்லா மெஷினும் நின்றுவிட்டது. மத்தியானத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மற்றவர்கள் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு.

எங்கள் வீடு மாடியில். படியேறினால் நீளமாக ஒரு வராந்தா, அதில் முதலில் வருவது எங்கள் சமையலறை ஜன்னல். படியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் போனதும் உள்ளே ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம் கேட்டது. போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டேன். இத்தனை நாளாக அவர் அனுப்பினார். ஒன்றாவது நான் அனுப்ப வேண்டாமா?

மெல்ல எட்டிப் பார்த்தேன்.

அவர் நின்றுகொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் தலையில் தட்டை வைத்து, இடது காலில் முழுக் கனத்தையும் போட்டு, வலது காலை லேசாகத் தூக்கிக்கொண்டு, அவசர அவசரமாக ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திருட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறவர் மாதிரி. தட்டில் வேகவைத்த பூசணியும் சோறும்.

அவர் முதுகுக்குப் பின்னால், கூடத்தில், சாய்வு நாற்காலியில் பாப்பா. இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணை கொடுத்திருந்தார். முதுகு நேராக, தலை நேராக உட்கார்ந்திருந்தாள். அவர் கை தட்டுக்குப் போகும்போது அவள் கண் தட்டுக்குப் போனது. கை வாய்க்குப் போகும்போது கண்ணும் கூடவே போனது. அவள் வாய் திறந்தது. அவர் மென்று முடிக்கிற வரை திறந்தே இருந்தது. ஒன்றும் வரவில்லை என்று தெரிந்ததும் இரண்டு கையையும் நீட்டி, உடம்பு முழுவதையும் முன்னால் தள்ளி, ஒரு கத்து கத்தினாள்.

"இல்ல முதலாளியம்மா, இல்ல," என்றார் அவர், திரும்பாமலே. "அம்மா சொல்லணும். அம்மா சொல்லாம கிடையாது. பாக்காத, பாக்காத. அப்பா இதோ முடிச்சுட்டேன்."

மறுபடி கத்தினாள். அவர் இன்னும் ஒரு வாய் எடுத்தார், எடுத்ததைத் தட்டிலேயே போட்டார். பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு வலது காலைக் கீழே ஊன்றினார். ஊன்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டார்.

போன் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. செருப்பு கையிலிருந்து விழுந்தது.

அவர் திரும்பினார். ஜன்னலில் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "சீக்கிரம் வந்துட்ட? நான் ஒண்ணும் குடுக்கல!"

உள்ளே போனேன். முதலில் பாப்பாவைத் தூக்கினேன். என்னைப் பார்த்த அழுகை வேறு மாதிரி அழுகை, அது ஒரு நிமிஷத்தில் அடங்கியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, "முதல்ல உக்காருங்க," என்றேன். "நின்னுட்டா சாப்பிடுவாங்க? டாக்டர் என்ன சொன்னாரு?"

"உக்காந்தா தட்டுல கையை விட்டுடறாம்மா. அன்னிக்கு அப்படித்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அன்னிக்கு?"

"மடியில வெச்சுட்டுச் சாப்பிட்டேன். கண் மூடித் திறக்கறதுக்குள்ள பூசணியில கையை விட்டு அப்பிக்கிட்டா. கழுத்தெல்லாம். நான் கையைப் பிடிச்சுட்டேன்."

"வாய்க்குப் போகலையா?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஒரு விரல் போயிருக்கும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதை நான் ஊட்டினதா சேர்க்காத. அவளாத் திருடிக்கிட்டது."

"அதை ஏன் சொல்லல? சோப்புப் போட்டுத் துவைச்சு மறைச்சிருக்கீங்க. அதையும் தப்பாத் துவைச்சிருக்கீங்க. எண்ணெய் தடவிட்டு அப்புறம்தான் சோப்பு."

"சொன்னா நீ என்ன பண்ணுவ? முதல் வாய் போச்சேன்னு உக்காந்து அழுவ."

"அன்னிக்கும் பூசணி, இன்னிக்கும் பூசணி. எதுக்கு?" என்றேன், பேச்சை மாற்ற.

"ஒரு துண்டு உப்பில்லாம வேகவெச்சு வெக்கிறேன். சாயங்காலம் நீ வந்து சரின்னு சொன்னா ரெடியா இருக்கணுமில்ல? நீ சொல்லல. மறுநாள் நான் தின்னுடறேன். எனக்குப் பூசணின்னாலே இப்ப குமட்டுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பூனைக் கழுவி வைத்த கதை வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு வேறு கேட்டேன். "உங்களுக்கு ஆசையே இல்லையா? முதல் வாய் நீங்க ஊட்டணும்னு?"

"ஆசை இல்லாம?" என்றார். குரல் திடீரென்று ஏறியது. "பொறாமையில செத்துட்டிருக்கேன். பகல் பூரா நான் தூக்கி வெச்சிருக்கேன். வாசல்ல நீ செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டாப் போதும், என் கையைத் தட்டிவிட்டுட்டுத் திரும்பிக்கிறா. அதுக்கப்புறம் நான் யாரு? பஸ் ஸ்டாண்டுல பக்கத்துல நின்ன ஆளு. உன் பாலை பாட்டில்ல குடுக்கறேனே, சும்மா குடிப்பாளா? உன் பழைய துப்பட்டாவை என் தோள்ல போட்டுக்கணும். அது இல்லேன்னா வாயே வெக்க மாட்டா. தினமும் உன்னை மாதிரி வேஷம் போட்டுட்டு உக்காந்திருக்கேன். எனக்குன்னு அவகிட்ட என்ன இருக்கு சொல்லு? உன்கிட்ட பால் இருக்கு. நான் ஒரு ஸ்பூனுக்குக் காத்துட்டிருக்கேன்."

சொல்லிவிட்டு அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். நாற்காலிக் கையில் என் பச்சைத் துப்பட்டா கிடந்தது. தேடித் தேடிக் கிடைக்காமல் விட்டுவிட்ட துப்பட்டா.

என்னைக் குடிக்கிறாள் என்று நான் நினைத்தது சரிதான். அதில் இத்தனை நாள் நான் பட்ட சந்தோஷம் முழுவதையும், எதிரில் இருக்கிற இந்த மனிதரிடமிருந்து பிடுங்கித்தான் பட்டிருக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டதும் என் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். துப்பட்டாவைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பெருமை. இரக்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

பாப்பா என் தோளிலிருந்து சரிந்து, மூடி வைத்த தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெடியாத்தான் இருக்கா," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "நாக்கு?"

"நாக்கு எப்பவோ நின்னாச்சு. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். அவர் எழுந்து, உப்பில்லாமல் தனியாக எடுத்து வைத்திருந்த பூசணித் துண்டைக் கொண்டுவந்தார். நான் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து, காலையில் எடுத்த பாலில் கொஞ்சம் விட்டேன். அவர் கட்டி இல்லாமல் மசித்தார். சின்ன ஸ்பூனின் நுனியில் கொஞ்சம் எடுத்து, என் பக்கம் நீட்டினார். "இந்தா, சொன்னபடி. முதல் வாய் உன்னோடது. போனைக் குடு, நான் எடுக்கறேன்."

ஸ்பூனை வாங்கினேன். அவர் போனைத் தூக்கிப் பிடித்தார். பாப்பாவை அவர் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்திருந்தோம். ஸ்பூனைப் பார்த்ததும் அவள் வாய் திறந்தது. இதற்காகத்தான் இத்தனை நாளும். ஒரு கை நீட்டினால் போதும்.

கை நீளவில்லை. "போனை இப்படிக் குடுங்க," என்றேன்.

"ஏன்?"

"குடுங்கன்னா குடுங்க." போனைப் பிடுங்கிக்கொண்டு ஸ்பூனை அவர் விரலில் திணித்தேன். "ஊட்டுங்க. சீக்கிரம். நான் மனசு மாறிடுவேன்."

ஸ்பூனைக் கோணலாகப் பிடித்தார். கோணாமல் டைல் பதிக்கிற கை. பாப்பா பொறுக்காமல் கழுத்தை நீட்டித் தானே ஸ்பூனைக் கவ்வினாள். முகத்தைச் சுளித்தாள். கன்னம் ஒரு தடவை உள்ளே போய் வந்தது. விழுங்கிவிட்டாள். அவர் வாயைத் திறந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் நின்றது.

பாப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தை அண்ணாந்து, அவர் முகத்தைத் தேடிப் பிடித்து, அவரைப் பார்த்து மறுபடியும் வாயைத் திறந்தாள்.

எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. போனை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் கேக்கறா பாருங்க," என்றேன். "குடுங்க."